வெள்ளைக்கு அடியில் இளஞ்சிவப்பு: எக்ஸ்-15ஏ-2 மாடல் கட்டிய கதை

அமெரிக்காவின் ராக்கெட் ஆய்வு விமானமான எக்ஸ்-15 என்றதும் எல்லோருக்கும் ஞாபகம் வருவது கறுப்பு விமானம். நீளமான கறுப்பு உடம்பு, குட்டி இறக்கை, பின்னால் கட்டையாக ஒரு வால். என்னிடம் ஏற்கெனவே ஒரு கறுப்பு எக்ஸ்-15 இருக்கிறது. இந்த முறை கட்ட நினைத்தது வெள்ளை. புத்தம் புது வெள்ளைகூட இல்லை. 1967 அக்டோபர் 3 அன்று விமானி பீட் நைட் அதை மாக் 6.70 (ஒலியின் வேகத்தைப்போல் 6.70 மடங்கு) வரை விரட்டிவிட்டு, எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளத்தின் உலர்ந்த ஏரிப்படுகையில் இறக்கினாரே, அப்போது இருந்த தீய்ந்துபோன வெள்ளை.

மணிக்கு 7,274 கிலோமீட்டர். ஆள் உட்கார்ந்து ஓட்டிய விமானத்துக்கு இந்தச் சாதனை இன்றும் அப்படியே நிற்கிறது. ஆனால் என்னை இழுத்தது அந்த எண் இல்லை, பெயின்ட். நாம் மாடல் செய்யும்போது பெயின்ட் என்பது கட்டி முடித்த பிறகு செய்யும் அலங்காரம். இந்த விமானத்தில் அன்று சோதிக்கப்பட்டதே மேலே பூசியிருந்த பூச்சுதான்.

விஷயம் இதுதான். எக்ஸ்-15-இன் தோல் இன்கோனல் எக்ஸ் என்ற நிக்கல் கலப்பு உலோகம். ஏறத்தாழ 650 டிகிரி செல்சியஸ் சூட்டைத் தாங்கும் என்று கணக்குப் போட்டு வடிவமைத்தார்கள். மாக் 6-ஐத் தாண்டிப் போக ஆசைப்பட்டபோது அந்தக் கணக்கு போதவில்லை. அதனால் மார்ட்டின் மரியெட்டா தயாரித்த எம்.ஏ-25எஸ் என்ற பூச்சை விமானம் முழுக்க அடித்தார்கள். சூடு ஏறினால் அது தானே கருகி, உதிர்ந்து, சூட்டையும் கூடவே எடுத்துக்கொண்டு போய்விடும். தன்னைத் தின்னக் கொடுத்து உள்ளே இருப்பதைக் காப்பாற்றும் பூச்சு. அதன் இயல்பான நிறம் இளஞ்சிவப்பு.

ஆமாம், உலகத்தின் அதிவேக விமானம் ஒரு கட்டத்தில் ரோஸ் கலரில் நின்றது.

அந்தப் பூச்சுக்கு ஒரு கெட்ட குணமும் உண்டு. திரவ ஆக்சிஜன் பட்டு ஊறியிருக்கும்போது ஓர் அடி விழுந்தால் போதும், வெடிக்கலாம். எக்ஸ்-15-இன் வயிறே திரவ ஆக்சிஜனும் அம்மோனியாவும் நிரப்பும் தொட்டிகள். ஆகவே இளஞ்சிவப்பு எங்கும் வெளியே தெரியாதபடி அதன்மேல் வெள்ளையாக ஒரு மூடுபூச்சு. நாம் படங்களில் பார்க்கும் வெள்ளை அதுதான்.

இதைப் படித்த அன்றே முடிவு செய்துவிட்டேன். மாடலிலும் அதே வரிசையில் பூசுவது: அடியில் கருத்த உலோகம், அதன்மேல் இளஞ்சிவப்பு, அதன்மேல் வெள்ளை, கடைசியில் கருக்கல். நேரடியாக வெள்ளை அடித்துவிட்டால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது என்பது எனக்கும் தெரியும். அப்படிச் செய்திருந்தால் மூன்று வாரம் மிச்சமாகியிருக்கும்.

பத்து மில்லிமீட்டர்

அலமாரியில் பல வருஷமாகத் தூங்கிக்கொண்டிருந்தது ஒரு 1/72 கிட், அதாவது நிஜத்தில் 72-இல் ஒரு பங்கு அளவு. அதில் இருப்பது சாதாரண எக்ஸ்-15. எனக்கு வேண்டியது ஏ-2. இரண்டும் ஒன்றல்ல.

மொத்தம் கட்டியது மூன்று எக்ஸ்-15. அவற்றில் இரண்டாவது (வரிசை எண் 56-6671), 1962 நவம்பரில் மட் லேக் என்ற உலர் ஏரியில் அவசரமாக இறங்கும்போது இடதுபக்கச் சறுக்குக்கட்டை (பின்சக்கரத்துக்குப் பதில் இருப்பது) மடங்கிக் குப்புறக் கவிழ்ந்தது. விமானி ஜாக் மெக்கே பலத்த காயத்தோடு பிழைத்தார். அதைப் பழுதுபார்க்கும்போதே இன்னும் வேகமாகப் போக வைக்கலாம் என்று மாற்றிக் கட்டினார்கள். இரண்டு தொட்டிகளுக்கும் நடுவே உடம்பைச் சுமார் 28 அங்குலம் நீட்டினார்கள். பக்கத்துக்கு ஒன்றாக வெளியே கழற்றிவிடும் தொட்டிகள் வந்தன. சக்கரக்காலும் சறுக்குக்கட்டைகளும் நீண்டன. ஜன்னல்கள் முட்டை வடிவமாயின. அப்படி மாறியதுதான் ஏ-2.

28 அங்குலம் என்றால் 711 மில்லிமீட்டர். 72-ஆல் வகுத்தால் 9.9. ஆக, கிட்டின் உடம்பைக் குறுக்கே அறுத்து நடுவில் பத்து மில்லிமீட்டர் சேர்க்க வேண்டும். காகிதத்தில் எவ்வளவு சுலபம்!

முதலில் உடம்பின் இரு பாதிகளையும் ஒட்டிக் காயவிட்டேன். அறுத்துவிட்டு ஒட்டினால் வட்டம் கோணிவிடும். பிறகு அறுக்க வேண்டிய இடத்தில் மாஸ்கிங் டேப்பைச் சுற்றி, அதன் ஓரத்தையே வழிகாட்டியாக வைத்து மெல்லிய ரம்பத்தால் அறுத்தேன். இங்கே முதல் சறுக்கல். எக்ஸ்-15-இன் இரு பக்கமும் நீளவாக்கில் ஒரு புடைப்பு ஓடும். தொட்டிகளின் சுவரே விமானத்தின் தோலாக இருப்பதால் குழாய்களுக்கும் கம்பிகளுக்கும் உள்ளே வழியில்லை. அவற்றை வெளியே எடுத்துப்போகத்தான் அந்தப் புடைப்பு. டேப் அந்தப் புடைப்பின் மேல் ஏறி இறங்கும்போது நேர்கோட்டிலிருந்து அரை மில்லிமீட்டர் விலகியிருக்கிறது. ரம்பமும் சொன்ன பேச்சைக் கேட்டு அதே வழியில் போய்விட்டது. இரண்டு துண்டுகளையும் சேர்த்துப் பார்த்தால் மூக்கு லேசாக இடப்பக்கம் பார்க்கிறது. கண்ணாடிமேல் உப்புத்தாளை ஒட்டி, இரு முனைகளையும் அதில் தேய்த்துச் சமன் செய்தேன். அதில் இழந்ததை ஈடுகட்டப் பத்து மில்லிமீட்டரைப் பத்தரையாக்கினேன். இப்போது அறுப்பதாக இருந்தால் புடைப்புகளை முதலில் தனியாகச் சீவி எடுத்துவிட்டு, உருளையை மட்டும் சுற்றி டேப் ஒட்டுவேன்.

இடையில் வைக்கும் துண்டை 1 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் தகட்டில் வட்டங்கள் வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒட்டிச் செய்தேன். எல்லா வட்டத்துக்கும் நடுவில் 3 மில்லிமீட்டர் துளை. அதில் ஒரு பித்தளைக் குழாய். குழாய் முன்னும் பின்னும் நீண்டு உடம்பின் இரு பாதிகளையும் ஒரே அச்சில் பிடித்துக்கொள்ளும். வட்டங்களைத் தேவைக்குக் கொஞ்சம் பெரிதாக வெட்டி, ஒட்டிய பிறகு தேய்த்து உடம்போடு சமமாக்கினேன். விரலால் தடவினால் எங்கே ஒட்டு என்றே தெரியவில்லை. பெருமையாக இருந்தது.

பெருமை இரண்டு வாரம் நீடித்தது. பிரைமர் அடித்து ஒரு நாள் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், இடுப்பைச் சுற்றி ஒரு பள்ளம், பெல்ட் கட்டியது மாதிரி. கரைப்பான் கலந்த பிளாஸ்டிக் பசை தகடுகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டால், அது ஆவியாகி வெளியேற வாரக்கணக்கில் ஆகும். அதுவரை தகடுகள் சுருங்கிக்கொண்டே இருக்கும். ஒரே நாளில் தேய்த்தது என் அவசரம். பள்ளத்தில் சூப்பர் க்ளூவை நிரப்பி, கெட்டியானதும் அன்றைக்கே தேய்த்தேன். அதை நாள்கணக்கில் விட்டால் பிளாஸ்டிக்கைவிடக் கல்லாகிவிடும். தேய்க்கும்போது பக்கத்திலுள்ள பிளாஸ்டிக்தான் கரையும். அடுத்த தடவை தகடுகளைச் சூப்பர் க்ளூவிலேயே அடுக்குவேன்.

புடைப்புகளை அந்தப் பத்து மில்லிமீட்டரிலும் தொடர வேண்டும். அரைவட்டப் பிளாஸ்டிக் பட்டையைச் சீவி ஒட்டியதில் அது முடிந்தது.

இறக்கையும் வாலும் ஒரு மாலையில் முடிந்த வேலை. சொல்லப்போனால் சந்தோஷமான வேலை. சாதாரணமாக எந்த விமானம் கட்டினாலும் இறக்கையின் பின்விளிம்பை மெலிதாக்கவே பாதி ஆயுள் போய்விடும். இங்கே வாலின் பின்விளிம்பு ஆப்பு மாதிரித் தடித்து, வெட்டி விட்டதுபோல் இருக்க வேண்டும். அதீத வேகத்தில் மெல்லிய வால் விமானத்தை நேராகப் பிடித்து வைக்காது, ஆப்பு வடிவம் பிடித்து வைக்கும் என்பதால் அப்படி. கிட்டில் வந்ததை அப்படியே ஒட்டினேன். இறக்கையில் எய்லரான் (விமானத்தைப் பக்கவாட்டில் உருட்டும் அசையும் பலகை) கோடும் இல்லை. பின்னால் இருக்கும் படுக்கை வால்கள் இரண்டையும் எதிரெதிர்த் திசையில் திருப்பித்தான் அது உருளும். அந்த வால்கள் 15 டிகிரி கீழ்நோக்கிச் சரிந்திருக்கும். அட்டையில் 15 டிகிரி கோணம் வெட்டி முட்டுக்கொடுத்துப் பசை காயும்வரை நிறுத்தினேன்.

மூக்கில் எடை வைக்கவில்லை. முன்சக்கரம் உள்ள மாடல் என்றால் மூக்கில் ஈயம் திணிக்காவிட்டால் வாலில் உட்கார்ந்துவிடும் என்று கை தானாகவே எடையைத் தேடியது. இந்த விமானத்தின் பின்கால்கள் சக்கரமே இல்லை, எஃகுச் சறுக்குக்கட்டைகள். அவையும் வாலுக்கு நேர் கீழே இருக்கின்றன. எடை முழுவதும் அவற்றுக்கு முன்னால்தான். அதனால்தான் நிஜ விமானத்திலும் பின்கட்டைகள் தரையைத் தொட்ட மறுகணம் மூக்கு தடாலென்று கீழே விழும்.

கோடுகளை அழிப்பது

பேனல் கோடுகளைப் பற்றி ஒரு நாள் முழுக்க யோசித்தேன். கிட்டில் அழகாகச் செதுக்கிய கோடுகள் உடம்பு முழுக்க ஓடுகின்றன. கறுப்பு எக்ஸ்-15-க்கு அவை சரி. ஆனால் விமானம் முழுக்கக் கெட்டியாக ஒரு பூச்சு அடித்த பிறகு தகடுகளின் இணைப்பு எப்படித் தெரியும்? இறக்கையின் முன்விளிம்புகளில் அதைவிடத் தடிமனான காப்பு வேறு. அன்றைய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தால் கறுப்பு விமானத்தில் இருக்கும் கூர்மை இதில் இல்லை. மேற்பரப்பு கொஞ்சம் மொழுமொழுவென்று, பிளாஸ்டர் பூசிய சுவர் மாதிரி இருக்கிறது.

ஆகவே கோடுகளில் பெரும்பாலானவற்றைத் திரவப் புட்டியால் நிரப்பி அழித்தேன். மாடல்காரர்களுக்கு இது பாவச் செயல் மாதிரி. கோடு அழிந்தால் திரும்பச் செதுக்கி மீட்பதுதான் வழக்கம். நான் இருந்ததை அழித்தேன். ஆட்கள் கழற்றி மாட்ட வேண்டிய மூடிகளின் ஓரங்களை மட்டும் விட்டுவைத்தேன். பறப்பதற்கு முன்னும் பின்னும் அவற்றைத் திறந்துதான் ஆக வேண்டும், அதனால் அங்கே பூச்சு தொடர்ச்சியாக இருக்க முடியாது. இந்த வித்தியாசம் ஒன்றே மாடலுக்கு ஒரு தனி முகத்தைக் கொடுத்துவிட்டது. பாதிக் கோடுகள் காணாமல் போனதும், மிச்சமிருக்கும் மூடிகள் ஏன் அங்கே இருக்கின்றன என்று கண் கேட்க ஆரம்பிக்கிறது.

நிறம்

அடி நிறத்துக்குக் கறுப்பும் எஃகு நிறமும் கலந்து, ஒரு சொட்டு நீலம் விட்டு அடித்தேன். மறையப்போகும் நிறம் என்பதால் அதிகம் கவலைப்படவில்லை.

அடுத்தது இளஞ்சிவப்பு. அந்தக் காலத்து வண்ணப் படங்களை நம்பி நிறத்தைப் பிடிப்பது ஆபத்து. பிலிம் வேறு, பிரிண்ட் வேறு, ஸ்கேன் வேறு. ஒரு படத்தில் பல் ஈறு நிறம், இன்னொன்றில் வெளுத்த செங்கல் நிறம். கைக்கு வந்த ஒரு பளிச்சென்ற மெஜன்டாவை வெள்ளையில் கலந்து அக்ரிலிக்காக அடித்தேன். கண்ணைப் பறிக்கும் ரோஸ். அறைக்குள் வந்தவர்கள் எல்லோரும் ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டுத்தான் போனார்கள்.

இரண்டு நாள் காயவிட்டு மேலே வெள்ளை லாக்கர் (வீரியமான தின்னரில் கலக்கும் பெயின்ட்). மெல்லிய மூன்று பூச்சு. ராத்திரி பார்த்தபோது சுத்தமான வெள்ளை. காலையில் பார்த்தால் விமானம் வெட்கப்பட்டிருக்கிறது. முழு உடம்பும் இளம் ரோஸ்.

மூடுதிறன் போதவில்லை என்று நினைத்து நான்காவது பூச்சு அடித்தேன். சாயங்காலம் வெள்ளை, மறுநாள் காலை ரோஸ். ஐந்தாவதையும் அடித்த பிறகுதான் புத்தி வந்தது. இது மூடுதிறன் சம்பந்தப்பட்டது இல்லை, கசிவு. மெஜன்டா மாதிரிப் பளிச்சென்ற சில சிவப்புகளில் இருக்கும் நிறமிகள் லாக்கர் தின்னர் போன்ற வீரியமான கரைப்பானில் கரையக்கூடியவை. மேல் பூச்சின் தின்னர் உள்ளே இறங்கி, சிவப்பைக் கரைத்து, காயும்போது தன்னோடு மேலே இழுத்து வருகிறது. எத்தனை வெள்ளை அடித்தாலும் அத்தனைக்கும் தின்னர் உண்டு, ஆகவே அத்தனையும் சிவக்கும்.

உறுதி செய்துகொள்ள நான்கு பிளாஸ்டிக் கரண்டிகளின் முதுகில் சோதனை. முதல் மூன்றிலும் அடியில் அதே மெஜன்டா ரோஸ். முதல் கரண்டியில் நேரடியாக லாக்கர் வெள்ளை: மறுநாள் ரோஸ். இரண்டாவதில் நடுவே நிறமில்லாத கிளியர் லாக்கர்: அதுவும் ரோஸ். மூன்றாவதில் நடுவே நீரில் கரைக்கும் கிளியர், மேலே நீரில் கரைக்கும் வெள்ளை அக்ரிலிக்: வெள்ளை அப்படியே நின்றது. நான்காவதில் மெஜன்டாவே இல்லாமல், இரும்பு ஆக்சைடுச் செம்மண் நிறத்தை வெள்ளையில் கலந்து செய்த ரோஸ், அதன்மேல் லாக்கர் வெள்ளை: ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை. இரும்பு ஆக்சைடு கல் மாதிரி, எந்தத் தின்னருக்கும் கரையாது.

நான்காவது கரண்டியின் ரோஸ் மங்கலாக, கொஞ்சம் மண் பூத்த மாதிரி இருந்தது. படங்களோடு வைத்துப் பார்த்தால் என் பளிச் ரோஸைவிட அதுதான் நெருங்கி நின்றது. தப்பு செய்யாமல் இருந்திருந்தால் தப்பான நிறத்திலேயே முடித்திருப்பேன்.

ஐந்து பூச்சையும் உரித்தாக வேண்டும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் ஊறவைத்துப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தேன். அக்ரிலிக் ரோஸ் வழிந்து வந்தது. அதன்மேல் உட்கார்ந்திருந்த லாக்கர் தோல் தோலாகக் கழன்றது. கழலாத இடங்களில் ஈரமான உப்புத்தாள். இரண்டு மாலைகள் போயின. கூடவே ஒரு படுக்கை வாலும் உடைந்து போனது. திரும்ப ஒட்டும்போது நடுவில் ஒரு கம்பி வைத்துவிட்டேன், முதலிலேயே செய்திருக்க வேண்டிய வேலை.

இந்த இரண்டு மாலைகளிலும் ஒரு விஷயம் மண்டையைக் குடைந்துகொண்டே இருந்தது. 1967-இல் அந்தப் பூச்சை நிஜ விமானத்தில் பூசியவர்களும் இதே அல்லாட்டத்தைத்தான் பட்டிருக்க வேண்டும். சுத்தம் செய்வது, மறைப்பது, அடிப்பது, தேய்ப்பது, மூடிகளின் ஓரத்தை நிரப்புவது, அப்புறம் பறந்து வந்ததும் கருகியதைச் சுரண்டி எடுத்துத் திரும்ப அடிப்பது. அடிக்கடி பறக்க வேண்டிய விமானத்துக்கு இது ஒத்துவராது என்ற முடிவுக்குத்தான் கடைசியில் வந்தார்கள். முழுப் பூச்சோடு அது பறந்தது இரண்டே முறை: ஆகஸ்ட் 21, அக்டோபர் 3. என் கையில் இருந்தது ஒரு சாண் நீளப் பிளாஸ்டிக். அவர்களுடையது கிட்டத்தட்ட 16 மீட்டர்.

இரண்டாவது முயற்சியில் செம்மண் ரோஸ், அதன்மேல் ஒரு கிளியர் பூச்சு. பிறகு ஹேர் ஸ்பிரே இரண்டு கை. அதன்மேல் நீரில் கரைக்கும் வெள்ளை, ஒரு துளி பழுப்பு கலந்து. சுத்த வெள்ளை இந்த அளவில் பொம்மை மாதிரித் தெரியும். அரை மணி நேரம் கழித்துத் தண்ணீர் தொட்ட கெட்டி பிரஷ்ஷால் மூடிகளின் ஓரங்களை மெல்லத் தட்டினால், அடியில் ஹேர் ஸ்பிரே கரைந்து வெள்ளை துணுக்குத் துணுக்காக உதிரும். ரோஸ் எட்டிப்பார்க்கும்.

இங்கேதான் கையைக் கட்டிப்போட வேண்டியிருந்தது. ரோஸ் தெரியத் தெரிய ஆசை அடங்கவில்லை. ஆனால் நியாயமாக யோசித்தால் சூடு பட்டு வெள்ளை போன இடத்தில் அடியில் ரோஸ் இருக்காது, கரிதான் இருக்கும். ரோஸ் தெரிய வேண்டுமானால் சூட்டால் அல்லாமல் கைபட்டோ கருவி பட்டோ பெயர்ந்திருக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் இரண்டு மூன்று மூடி ஓரங்களுக்குமேல் நியாயம் கிடையாது. அந்த இரண்டு மூன்றுகூட நான் எனக்கே கொடுத்துக்கொண்ட சலுகை. மிச்சத்தை வெள்ளையால் திரும்ப மூடினேன். இவ்வளவு பாடுபட்டுப் பிடித்த நிறம், விமானத்தைக் கவிழ்த்துக் காட்டினால்தான் கண்ணில் படும்.

கருக்கல்

அன்று நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னால்தான் எங்கே எதற்குக் கருக்கினேன் என்று புரியும். பி-52 விமானத்தின் இறக்கையில் தொங்கிப் போய், நெவாடாவுக்கு மேலே சுமார் 45,000 அடி உயரத்தில் கழன்று, எஞ்சினைப் பற்றவைத்து, வெளித்தொட்டிகளைக் காலி செய்து உதறிவிட்டு, ஒரு லட்சம் அடியைக் கொஞ்சம் தாண்டிய உயரத்தில் உச்ச வேகம். மொத்தப் பயணம் எட்டு நிமிடத்துக்குச் சற்று மேல். வாலுக்கு அடியில் நிற்கும் துடுப்பின் கீழே, பின்னாளில் சோதிக்கப்போகும் ராம்ஜெட் (வெளிக்காற்றை உள்ளிழுத்து எரியும்) எஞ்சினின் டம்மி ஒன்று தொங்கியது. அந்த டம்மியிலிருந்து கிளம்பிய அதிர்ச்சி அலைகள் துடுப்பின்மேல் போய் மோதின. மோதிய இடங்களில் சூடு 1,300 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. பூச்சு அழிந்தது, அடியில் இன்கோனல் உருகித் துளை விழுந்தது, கடைசியில் டம்மியே பிய்த்துக்கொண்டு போனது. பூச்சு விமானத்தின் மற்ற இடங்களைக் காப்பாற்றிவிட்டது. துடுப்பில் மட்டும் யாரும் எதிர்பார்க்காத சூடு.

ஆகவே என் மாடலில் வெளித்தொட்டிகளும் கிடையாது, டம்மியும் கிடையாது. கிட்டில் வந்த துடுப்பின் கீழ்ப்பாதியை அறுத்து எறிந்தேன். மேல்பாதியில் அரை மில்லிமீட்டர் துளைகளைப் போட்டு, துளையின் ஓரம் தகடு மாதிரி மெலிந்து தெரிய உள்பக்கமாகக் குடைந்தேன். இந்த அளவில் உண்மையான தடிமனைக் கொண்டுவரவே முடியாது, ஓரத்தை மட்டும் மெலிதாக்கி ஏமாற்றுவதுதான். துளையைச் சுற்றிச் சூடான ஊசியால் லேசாகத் தொட்டதில் பிளாஸ்டிக்கே உருகிச் சுருண்டது. உருகியதைக் காட்ட உருக்குவதைவிட நல்ல வழி இல்லை. இரண்டு இடத்தில் ஊசி அதிகம் தங்கிவிட்டது, அதையும் அப்படியே விட்டுவிட்டேன்.

மற்ற இடங்களுக்கு, காற்றழுத்தத்தில் பெயின்ட் தெளிக்கும் ஏர்பிரஷ்ஷில் மிக நீர்த்த பழுப்பும் கறுப்பும். முதல் முயற்சியில் எல்லா முன்விளிம்புகளிலும் ஒரே அகலத்தில், ஒரே அடர்த்தியில் கறுப்பு அடித்துவிட்டேன். தள்ளி வைத்துப் பார்த்தால், கறுப்புக் கரை போட்ட வெள்ளை வேட்டி. நெருப்பு இப்படிக் கோடு போட்டுக்கொண்டு எரியாது. ஈரத் துணியால் துடைத்துவிட்டு, இந்த முறை விமானத்தின் மூக்கை என் பக்கம் வைத்து, காற்று எங்கே முதலில் வந்து மோதும், எங்கே வழுக்கிப் போகும் என்று பார்த்துப் பார்த்து அடித்தேன். மூக்கின் நுனியும் இறக்கை விளிம்புகளும் நல்ல கரி. அங்கிருந்து பின்னோக்கிப் பழுப்பாகத் தேய்ந்து, சில இடங்களில் நீளமாக, சில இடங்களில் சட்டென்று நின்றுவிடும் கீற்றுகள். பக்கப் புடைப்புகளின் முன்முனைக்குப் பின்னால் ஒரு நிழல். முதுகு கிட்டத்தட்ட வெள்ளையாகவே இருக்கிறது.

கரிக்குத் தனிக் கறுப்பு பயன்படுத்தவில்லை. பழுப்பில் நீலம் விட்டுக் கறுப்பாக்கினேன். தனிக் கறுப்பு வெள்ளைமேல் பட்டால் மை சிந்தியது போலத்தான் தெரியும். கடைசியாக நிறமித் தூளைக் காய்ந்த பிரஷ்ஷில் தொட்டு விளிம்புகளில் மட்டும். அதற்குமேல் பளபளப்பில்லாத கிளியர் அடித்தபோது தூளில் பாதி மறைந்துவிட்டது. எப்போதும் அப்படித்தான் நடக்கிறது, எப்போதும் அதை மறந்துவிடுகிறேன்.

மீதி இருந்தது காக்பிட் ஜன்னல். கிட்டின் கண்ணாடிப் பாகத்தில் பழைய மாதிரி கோணலான சதுர ஜன்னல்களின் சட்டம் செதுக்கியிருந்தது. அதைத் தேய்த்து அழித்து, மேலும் மேலும் நைசான தாள்களால் மெருகேற்றி, பளபளப்புக் கிளியரில் முக்கி எடுத்தேன். மாஸ்கிங் டேப்பில் இரண்டு குட்டி நீள்வட்டங்கள் வெட்டி ஒட்டி மற்ற வேலைகளை முடித்தேன். ஒவ்வொன்றும் அரிசி நீளம்தான், ஆனால் இரண்டும் ஒரே மாதிரி வருவதற்குள் பதினொன்று வெட்டினேன்.

ஜன்னல் விஷயத்திலும் இந்தப் பூச்சுக்கு ஒரு கதை உண்டு. கருகி உதிர்வது எல்லாம் பின்னால்தானே போகும். போகிற வழியில் ஜன்னலில் படிந்து மறைத்துவிடும். விமானி எதைப் பார்த்து இறக்குவார்? இடது ஜன்னலுக்கு இமை மாதிரி ஒரு மூடி வைத்தார்கள். வேகமாகப் போகும்போதெல்லாம் அது மூடியே இருக்கும், வலது ஜன்னல் வழியாக மட்டும் பார்வை. அது அழுக்கேறிக் குருடாகிவிட்ட பிறகு, வேகம் குறைந்ததும் இமையைத் திறந்து, சுத்தமாக இருக்கும் இடது கண்ணால் பார்த்து இறக்க வேண்டும்.

என் விமானம் இறங்கிவிட்ட விமானம். மெல்லிய தகட்டில் இமையை வெட்டி, படத்தைப் பார்த்து, திறந்த நிலையில் ஒட்டினேன். டேப்புகளை உரித்தபோது இரண்டு ஜன்னலும் தண்ணீர் மாதிரித் தெளிவாக இருந்தன. இந்த மாடலில் முதல் தடவையிலேயே சரியாக வந்த ஒரே வேலை அது. ஏர்பிரஷ் கிண்ணத்தின் அடியில் இரண்டு சொட்டுப் பழுப்பு மிச்சமிருந்தது. இடது ஜன்னலை டேப்பால் திரும்ப மறைத்துவிட்டு, வலதின்மேல் அடித்தேன்.